ஒன்பது பரிந்துரைச் சீட்டுகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, அப்புறம் கதை எழுது. போன தடவை பார்வையாளர் ஜன்னலில் பார்த்தபோது சட்டை உன் தோளில் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. கேட்டால் "சட்டை பெருசு" என்கிறாய். இத்தனை துப்பறியும் நாவல் வாடகைக்கு விடுகிறவளிடம் இப்படியா பொய் சொல்வது?

லிஃப்ட் வழக்கில் உன்னை உள்ளே வைத்து நேற்றோடு ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. நான் எண்ணுகிறேன், நீ எண்ணாதே.

கேட்டபடி ஆறு நாவல் அனுப்பியிருக்கிறேன். நம் கடை வழக்கப்படி ஒவ்வொன்றின் அட்டைக்கு உள்ளேயும் சீட்டு ஒட்டியிருக்கிறது. எந்தத் தேதியில், யாருக்கு, ஏன் படிக்கச் சொன்னோம் என்று ஒரு வரி. "தேதி போடாத பரிந்துரை செல்லாது" என்று சட்டம் போட்டவன் நீதான். ஆறில் 'பூக்கடைக் கொலை'யைத் தூக்கம் வராதவர்களுக்குக் கொடுக்காதே. கொடுத்தால் இன்னும் வராது.

உன் மாப்பிள்ளை ஓயாமல் அலைகிறார். நீ பார்த்துக்கொண்டிருந்த கட்டடங்களின் லிஃப்டுகளையும் சூப்பர்வைசரான அவரே பார்க்க வேண்டியிருக்கிறதாம். அதனால்தான் உன்னைப் பார்க்க வர முடியவில்லை என்றார். பாப்பா உன்னை "லிஃப்டு மாமா எங்க?" என்று கேட்கிறாள். வெளியூர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

பிப்ரவரி 25

என் அருமைக் கடைக்காரிக்கு,

அண்ணன் நலம். சட்டை உண்மையிலேயே பெரிதுதான். முன்பு இதைப் போட்டிருந்தவர் பயில்வான் போலிருக்கிறது. பாப்பாவுக்கு இருமல் நின்றதா? உன் மாமியாரின் மூட்டுவலி எப்படி? மாடியில் வைத்த தொட்டிச்செடிகள் பிழைத்தனவா? எதிர் வீட்டு நாய் இன்னும் தபால்காரரைத்தான் துரத்துகிறதா?

புத்தகப் பொட்டலம் வந்த அன்றே வம்பும் வந்தது. கைதிகளின் கடிதங்களையும் பார்சல்களையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரி ஒருவர் உண்டு. நாங்கள் அவரைக் கண்ணாடி சார் என்போம். (சார், இதையும் நீங்கள் படிப்பீர்கள். வணக்கம்.) ஆறு அட்டையிலும் கத்தியும் துப்பாக்கியுமாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"குற்றவாளிங்களுக்குக் குற்றக் கதையா? நல்ல புஸ்தகம் எதுவும் கிடைக்கலையா?"

"சார், இந்த ஆறுலயும் கடைசியில குற்றவாளி மாட்டிக்கிறான். இதைவிட நல்ல நீதிக் கதையை நீங்க காட்டுங்க, நான் இதையெல்லாம் திருப்பி அனுப்பிடறேன்" என்று சொன்னேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஒரு வாரம் நூலக அறைப் பக்கம் போகத் தடை. எட்டாம் நாள் போனேன். அதே வாக்கியத்தை மறுபடி சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, மற்ற ஐந்தையும் தள்ளினார். அந்த ஒன்று திரும்பி வந்தபோது நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

இப்போது எங்களுக்கு ஒரு வாசகர் வட்டமே இருக்கிறது. கொத்தனார் ஒருவர், வாத்தியார் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர், அப்புறம் நான். வாத்தியார் உரக்கப் படிப்பார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, குற்றவாளி யார் என்று ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைப்போம். அப்புறம்தான் முடிவைப் படிப்பது. இதுவரை மூன்று நாவல். மூன்றிலும் சரியாக எழுதியவர் கொத்தனார்தான். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். விடையை வாத்தியார் காதில் சொல்லி எழுதச் சொல்கிறார்.

கோர்ட் காட்சி இல்லாததாகப் பார்த்து நாலு அனுப்பு. வழக்கு நிலுவையில் இருப்பவர்கள் அந்த இடம் வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.

உன் அண்ணன்

*

மார்ச் 2

அண்ணனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தடை முடிந்ததும் மறுபடி போய் வாயாடினாய் என்று படித்தபோது பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் பெருமைதான் கூடுதல்.

பாப்பாவுக்கு இருமல் போய்விட்டது, பதிலுக்குக் கேள்வி கேட்கும் வியாதி வந்திருக்கிறது. அத்தைக்கு மூட்டுவலி வெயிலுக்குக் குறைந்திருக்கிறது. செடிகளில் இரண்டு போயின. நாய்க்கு வயதாகிவிட்டது, இப்போது குரைப்பதோடு சரி.

கடையில் ஒரு கூத்து. தையற்கடை அக்கா ஒரு நாவலை மேசையில் வீசிவிட்டு, "இருபதாம் பக்கத்துலயே டாக்டர்தான்னு கண்டுபிடிச்சிட்டேன், காசு தண்டம்" என்று கத்தினார். டாக்டர் இல்லை என்றேன். மறுபேச்சில்லாமல் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கொத்தனார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கேட்டு எழுது. என் வாடிக்கையாளர்களிடம் என் பெயரில் சொல்லிப் பீற்றிக்கொள்கிறேன்.

இவரிடம் உன் கடிதத்தை நீட்டினேன். "அப்புறம் பாக்கறேன்" என்று டி.வி. மேல் வைத்தார். அங்கேயே இருக்கிறது.

உன் தங்கை

*

மார்ச் 20

கடைக்காரிக்கு,

இங்கே சுகம். பாப்பாவின் கேள்விகளில் இரண்டு எனக்கும் அனுப்பு, பொழுது போகும். மாமியாரை வெயிலில் மாடிப்படி ஏறவிடாதே. அந்த நாயை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தையற்கடை அக்காவுக்கு என் வணக்கம். மூலைவீட்டு சர்வேயர் தாத்தா இன்னும் முடிவை முதலில் படித்துவிட்டுத்தான் வாங்கிப்போகிறாரா?

கொத்தனாரைக் கேட்டேன். பல்குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"சுவர்ல எங்க ஓட்டைன்னு பாக்கணும்னா பூசுன இடத்தைப் பாக்கக் கூடாது தம்பி, பூசாம விட்ட இடத்தைப் பாக்கணும். கதையில எல்லாரும் எல்லாரையும் விசாரிப்பாங்க. ஒருத்தனை மட்டும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவன்தான்."

அவ்வளவுதானாம் ரகசியம். வாத்தியார் அசந்துபோனார். நாலாவது நாவலில் இதை வைத்து நாங்கள் நால்வரும் சரியாக எழுதினோம். கண்ணாடி சார்கூட நின்று கேட்டுவிட்டு, "அந்தத் தோட்டக்காரனை நானும் சந்தேகப்பட்டேன்" என்றார். இந்தச் சூத்திரத்தை உன் கடையில் எழுதி ஒட்டு. உன் வியாபாரம் படுத்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 27

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று மனம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கொத்தனார் சொன்னதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நேற்று மத்தியானம் ஆள் இல்லாத நேரம். விளையாட்டாகத்தான் உன் கடிதங்களை எடுத்துக் கவுண்டரில் பரப்பினேன். செப்டம்பரிலிருந்து ஒன்பது கடிதம். பாப்பாவை ஒன்பதிலும் விசாரித்திருக்கிறாய். அத்தையின் மூட்டை எட்டில். செடியை ஐந்தில், எதிர் வீட்டு நாயை ஆறில். சர்வேயர் தாத்தா, தையற்கடை அக்கா, நம் தபால்காரர், ஒருவர் பாக்கியில்லை.

உன் மாப்பிள்ளையை ஒரு கடிதத்தில்கூட நீ விசாரிக்கவில்லை.

நான் அவரைப் பற்றி எழுதியதற்கெல்லாம் நீ ஒரு வரி பதில் போட்டதில்லை. ஒரே கம்பெனி, ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் வந்தவர்கள் நீங்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதற்கு நான் திட்டியிருக்கிறேன். அவரும் ஏழு மாதமாக உன்னைப் பார்க்க வரவில்லை. உன் கடிதத்தைத் தொடக்கூட மாட்டேன் என்கிறார்.

ஏன் அண்ணா?

கதை சொல்லாதே. கேட்டதற்குப் பதில் எழுது.

உன் தங்கை

*

மே 9

தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே வெள்ளையடிக்கும் வேலை, கை ஒழியவில்லை.

நாவல் படித்துப் படித்து உனக்கு எல்லாவற்றிலும் துப்பு தெரிகிறது. மாப்பிள்ளையை விசாரிக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அவரை மிகவும் கேட்டதாகச் சொல். இப்போது விசாரித்துவிட்டேன், சரிதானே?

லிஃப்டைப் பார்க்கப் போனவன் நான். சரியாகப் பார்க்கவில்லை. அது அறுந்து விழுந்தது. துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு கால் போய்விட்டது. கோர்ட்டில் நானே ஒத்துக்கொண்டேன். இதில் மர்மம் எதுவும் இல்லை. இத்தோடு விடு.

தீவு மாளிகைக் கதை ஒன்று வந்திருக்கிறதாமே, வாத்தியார் கேட்கிறார். முடிந்தால் அனுப்பு.

உன் அண்ணன்

*

மே 16

அண்ணனுக்கு,

வெள்ளையடிக்க ஆறு வாரமா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

நீ பதில் போடாத அந்த ஆறு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. வக்கீலிடம் தீர்ப்பு நகலை வாங்கினேன். நீ ஒத்துக்கொண்டாய் என்றதும் அழுதுவிட்டு, அந்த வழக்கில் ஒரு காகிதத்தைக்கூட நான் படிக்காமல் இருந்தேன். அது என் மடத்தனம். இப்போது பென்சிலை வைத்துக்கொண்டு நாவல் படிப்பது போலப் படித்தேன். லிஃப்டைச் சோதித்ததாக நீ கையெழுத்துப் போட்ட தேதி போன வருஷம் ஜனவரி பன்னிரண்டு, விபத்துக்கு இரண்டு நாள் முன்னால். காலை பத்திலிருந்து நாலு வரை அந்தக் கட்டடத்தில் வேலை செய்தாய் என்று தாளில் இருக்கிறது.

ஜனவரி பன்னிரண்டில் எனக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம். கடையைப் பார்த்துக்கொண்டது யார்?

நினைவை நம்பவில்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்துப் பார்த்தேன். நாலு நாள் ஆயிற்று. வெளியே போயிருந்ததைப் படிக்கிறவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அதே தேதி போட்டு உன் கையெழுத்தில் ஒன்பது சீட்டு கிடைத்தது, அண்ணா. ஒன்பது! "பல் டாக்டரின் உதவியாளருக்கு: இதில் பல் டாக்டர்தான் சாகிறார், வருத்தப்பட வேண்டாம்." "சர்வேயர் ஐயாவுக்கு: முடிவை முதலில் படிக்காதிருக்கக் கடைசித் தாள்களை நூலால் தைத்திருக்கிறேன்." இப்படி யாரால் எழுத முடியும்?

தையற்கடை அக்கா சத்தியம் செய்கிறார்: "ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினதே உங்க அண்ணன்தான். நீ முன்ன குடுத்த கதை நல்லால்லன்னு மூணு மணிக்கு அவருகிட்டப் போய்ச் சண்டை போட்டேனே, மறப்பேனா?"

அந்த ஒன்பதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உன் மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"ஒரு கையெழுத்துதானே. அவனே ஒத்துக்கிட்டான். நீ ஏன் கிளறுற?"

லிஃப்டுக்கு ஆளே அனுப்பாமல், உன் கையெழுத்தை அவரே போட்டிருக்கிறார். அண்ணா, இனி "அவர்" என்று எழுதக் கை வரவில்லை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கிறோம். அத்தை பாப்பாவின் ஸ்வெட்டரை மடித்து என் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழக்கைத் திரும்ப எடுக்க வக்கீல் மனு தயார் செய்கிறார்.

கண்ணாடி சார், இதை நீங்களும் படித்துவிட்டுத்தான் அண்ணனிடம் கொடுப்பீர்கள். நன்றாகப் படியுங்கள். ஒரு வரிகூட அடிக்காதீர்கள்.

உன் தங்கை

*

மே 30

ஏய்,

யாரைக் கேட்டு வக்கீலிடம் போனாய்?

கண்ணாடி சார் உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டார். அதனால் நானும் மறைத்துப் பயனில்லை.

அன்று அந்த லிஃப்டு என் முறை. உனக்கு ஜுரம் என்று மாப்பிள்ளையிடம் லீவு சொன்னேன். "வேற ஆளை அனுப்பிக்கறேன், நீ கடையைப் பாரு" என்றார். அனுப்பவில்லை. விபத்துக்கு மறுநாள் வந்து என் காலைப் பிடித்து அழுதார். பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. நீ ஜுரத்தில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாய். எனக்குக் குடும்பம் இல்லை, இரண்டு வருஷம் ஓடிவிடும் என்று நினைத்தேன்.

அது மட்டும் இல்லை. நான் அன்று போயிருந்தால் கம்பி நைந்திருந்ததைப் பார்த்திருப்பேன். போகவில்லை. உன் கவுண்டரில் உட்கார்ந்து, கொலைக் கதை கொடுத்து, கிண்டலாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்தக் கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைக்காமல் ஒரு நாள்கூட எனக்குப் போனதில்லை. அதனால் நான் உள்ளே இருப்பது முழுக்க அநியாயம் இல்லை.

ஒன்பது மாதம் ஓடிவிட்டது. மனுவைக் கிழித்துப் போடு. வீட்டுக்குப் போ. பாப்பாவுக்கு அப்பா வேண்டும். நான் வாக்குமூலத்தை மாற்ற மாட்டேன். நான் மாற்றாமல் உன் ஒன்பது சீட்டு ஒன்றும் செய்யாது.

அண்ணன்

*

ஜூன் 21

அண்ணனுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நிஜமாகவே நலம். அறை சின்னது, ஆனால் இங்கே யாரும் எதையும் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போவதில்லை.

மனுவைக் கிழிக்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நீ எனக்காக ஜெயிலுக்குப் போனாயாம்! என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி என் வாழ்க்கைக்கு ஒரு முடிவு எழுதிவிட்டீர்கள். என் அண்ணன் ஒருத்தியின் காலை எடுத்தவன் என்று நம்பிக்கொண்டு, அதைச் செய்தவனுக்கே பதினாறு மாதம் நான் சோறு போட்டேன். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? மாட்டேன். கோபம்தான் வருகிறது. உன் மேல் வருகிற கோபம் அவன் மேல் வருவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

நீ லீவு போட்டது குற்றம் இல்லை, அண்ணா. எனக்கு ஜுரம் வந்ததும் குற்றம் இல்லை. சொல்லிவிட்டுத்தானே வந்தாய்? ஆள் அனுப்பாமல் அனுப்பியதாகக் கையெழுத்துப் போட்டதுதான் குற்றம். இந்த வித்தியாசம் நம் கடையில் நாவல் எடுக்கிற பள்ளிக்கூடப் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். அந்த அம்மாவைத் தேடிப் போனேன். நாம் எல்லோரும் அவரை "ஒரு அம்மா" என்று ஒரு வரியில் எழுதித் தாண்டிப் போகிறோமே, அவரைத்தான். ஒற்றை அறை வீடு. கட்டைக்காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதுதான் வேலையாம். உன் தங்கை என்றேன். துரத்துவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

சீட்டுகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அப்புறம் சொன்னார்:

"கோர்ட்டுல உங்க அண்ணன் என்னைப் பாத்துக் கும்பிட்டாரும்மா. தப்பு என்னுதுன்னு சொன்னாரு. சரி, மனுஷன் ஒத்துக்கிட்டானேன்னு நானும் அவரை மன்னிச்சிட்டேன். அவ்ளோ சுலபமா மன்னிக்கல. எட்டு மாசம் ஆச்சு. இப்ப வந்து அவரு இல்லைங்கிற. அப்ப நான் தப்பான ஆளையா மன்னிச்சேன்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

விசாரணை ஜூலை எட்டாம் தேதி. ஒன்பது புத்தகமும் வரும், தையற்கடை அக்கா வருவார், சர்வேயர் தாத்தா வருவார், பல் டாக்டரின் உதவியாளர் லீவு போட்டுவிட்டு வருகிறார். அந்த அம்மாவும் வருகிறார். அவர் முன்னால் நின்று "நான்தான் போனேன்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார். என்னைப் பொய்க்காரி ஆக்கினால் பரவாயில்லை, நான் தாங்குவேன். அவரை இன்னொரு தடவை ஏமாற்றாதே.

உன் தங்கை

*

ஜூன் 29

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, இன்று காலை இறங்கியது.

உன் கடிதத்தை வட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லி வாத்தியாரிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் நான் கேட்பது? அந்த அம்மா சொன்ன இடம் வந்ததும் வாத்தியார் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். டிரைவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கொத்தனார்தான் கேட்டார், "இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி?"

நான் அந்த அம்மாவுக்கு ஏதோ கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு வருஷத்தைக் கொடுத்தேன் என்று. அவருக்கு அது தேவையே இல்லை. தெரிய வேண்டியது உண்மை ஒன்றுதான், அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தை மாற்றி மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் சொன்னதற்கு எனக்குத் தனியாகத் தண்டனை கிடைக்கலாம் என்று கண்ணாடி சார் சொன்னார். கிடைக்கட்டும், அது என்னுடையது. "இங்க ஒரு கையெழுத்து" என்று இடம் காட்டினார். போட்டேன்.

இத்துடன் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு. எட்டாம் தேதி வரை அவரைக் காக்க வைக்காதே, இன்றே கொண்டு போ. அவருக்குப் படிக்க வராவிட்டால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டு. அதில் நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அன்று கையெழுத்துப் போட்டது யார் என்று எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்